கேளுங்கள் அக்கா: சேனைக்கு மீன் மசாலா

கேள்வி: என் கணவருக்கும் இரண்டு பையன்களுக்கும் தட்டில் மீனோ கறியோ இல்லாவிட்டால் சோறு இறங்காது. கணவருக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது. வாரத்தில் நான்கு இரவாவது காய்கறிச் சாப்பாடாக இருக்கட்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாம்பாரும் முட்டைக்கோஸ் பொரியலும் வைத்தால் மூன்று பேரும் ஆம்லெட் கேட்கிறார்கள். என்ன செய்வது அக்கா?
ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: முட்டைக்கோஸ் பொரியல் வைத்தால் நானும் ஆம்லெட்தான் கேட்பேன். அதிலும் கோஸைத் தண்ணீர் ஊற்றி மூடிப் போட்டு நேரம் போவது தெரியாமல் வேகவைத்தால், அந்த வாடைக்கே பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள்.

கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த முதல் புரட்டாசியில் நானும் இப்படித்தான் அடிபட்டேன். மாதம் முழுக்க வீட்டில் கவுச்சி கிடையாது. தினமும் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது மட்டும்தான் என் கணவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடிந்தது. பத்தாம் நாள் மாமியார் கரண்டியை வாங்கிக்கொண்டார். சோம்பு, மிளகு, கல்பாசி, சின்ன வெங்காயம், கொஞ்சம் தேங்காய் எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்தார். அன்றைக்குச் சோற்றுப் பானையில் எனக்கு மிஞ்சியது அடிப்பருக்கைதான். ஆட்டை யாரும் தேடவில்லை.

யோசித்துப் பாருங்கள். கறிக்கு அரை மணி நேரம் நின்று வதக்கி, வறுத்து, அரைக்கிறோம். காய்க்குக் கடுகைத் தாளித்துவிட்டுச் சீரியல் பார்க்கப் போய்விடுகிறோம். பிறகு காய் ருசிக்கவில்லை என்றால் எப்படி?

உங்கள் வீடு மீன் வீடு என்பதால் சேனைக்கிழங்கில் தொடங்குங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அரை அங்குலக் கனத்தில் வில்லை போடுங்கள். மஞ்சள், உப்பு, புளித்தண்ணீர் சேர்த்து முக்கால் பதம் வேகவைத்து வடியுங்கள். புளி சேர்த்தால் நாக்கு அரிக்காது. குழைய விட்டால் கதை முடிந்தது. விரலால் அழுத்தினால் கொஞ்சம் எதிர்க்க வேண்டும். மீனுக்கு நீங்கள் தடவும் அதே மசாலாவுடன் பூண்டும் ஒரு கரண்டி அரிசி மாவும் சேர்த்துத் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டு, தோசைக்கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, ஓரம் முறுகும் வரை திருப்பித் திருப்பிப் போடுங்கள். கணவருக்காகத் தேங்காயையும் எண்ணெயையும் பார்த்துச் செலவழியுங்கள். குழம்பு கெட்டிப்பட பொட்டுக்கடலை அரைத்து விடலாம்.

அதற்குச் 'சைவ மீன்' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். பையன்கள் உடனே ஒப்பிடத் தொடங்குவார்கள். தூத்துக்குடிக்காரனிடம் மீனோடு போட்டியிட்டுச் சேனை ஜெயிக்காது.

ஒளித்துவைத்து ஊட்டுவதும் வேண்டாம். ஒருமுறை பாகற்காயைத் துருவிப் பருப்பு வடையில் கலந்தேன். மகன் கண்டுபிடித்துவிட்டான். அதன் பிறகு ஆறு மாதம், கோயில் பிரசாத வடையைக்கூடப் பிய்த்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டான்.

பையன்கள் மாலையில் விளையாடிவிட்டுப் பசியோடு வருவார்கள் அல்லவா? அந்த நேரத்தில் பிஸ்கட் டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டு, வெள்ளரியும் கேரட்டும் நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தூவி வையுங்கள். கேட்காமலே காலியாகும். கூட ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், எலுமிச்சை பிழிந்து. புளிப்பு சேர்ந்தால் கடலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். புரதம் போதாதே என்று மாமியார் கவலைப்பட்டால், 100 கிராம் துவரம்பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நான்கு இரவுகளையும் ஒரே வாரத்தில் மாற்றினால் வீட்டில் போராட்டம் வெடிக்கும். முதலில் செவ்வாயை மட்டும் பிடியுங்கள். அடுத்த மாதம் வெள்ளி.

கேள்வி: வெண்டைக்காய் வழவழப்பாக இருக்கிறது என்று மாமனார் தொடுவதே இல்லை. நறுக்கிய பிறகு நன்றாகக் கழுவித்தான் சமைக்கிறேன்.
ஒரு வாசகி, சேலம்

பதில்: அங்கேதான் தப்பு. முழுதாகக் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் போன பிறகு நறுக்குங்கள். அகலமான இரும்பு வாணலி, மூடி கூடாது, உப்பு இறக்கும்போது. வழவழப்பு மிஞ்சினால் ஒரு கரண்டி புளித்த தயிர் விட்டு வதக்குங்கள். மாமனாருக்கு முதலில் பரிமாறுங்கள், ஆறினால் சவசவத்துவிடும்.