"தி ஆமோ" என்பதும் "தி வோல்யோ பேனே" என்பதும்: இத்தாலியரின் காதல் மொழி குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னுடன் இணையவழியில் பணிபுரியும் இத்தாலியத் தோழி ஒருவர் எனக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தை "தி வோல்யோ பேனே" என்று முடித்திருந்தார். மொழிபெயர்ப்புச் செயலி அதை "உன்னைக் காதலிக்கிறேன்" என்று காட்டுகிறது. நான் என்ன பதில் எழுதுவது?

பதில்: செயலியை நம்பிப் பதில் எழுதிவிடாதீர்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அத்தொடரின் பொருள் "உனக்கு நல்லதை விரும்புகிறேன்" என்பதே. தாய் மகனிடமும், பாட்டி பேத்தியிடமும், நெடுநாள் நண்பர்கள் தமக்குள்ளும் தயக்கமின்றிச் சொல்லும் அன்புமொழி அது. குறுஞ்செய்திகள் பரவிய காலத்தில் இளைஞர்கள் அதன் முதலெழுத்துகள் மூன்றை மட்டும் எழுதி அனுப்புமளவுக்கு அது அன்றாடப் பேச்சாயிற்று. காதலுக்கென்று "தி ஆமோ" என்ற தனித்தொடர் இருக்கிறது. அதை நண்பரிடம் சொன்னால் கேட்பவர் நெளிவார்.

ஆனாலும் இவ்விரண்டுக்கும் நடுவே வேலி போட்டுவிட முடியாது. பல்லாண்டுகள் சேர்ந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் "தி வோல்யோ பேனே" என்று சொல்லிக்கொள்ளும்போது அதில் "தி ஆமோ"வைவிட ஆழம் தொனிப்பதுண்டு. புதிதாகப் பழகும் இருவரில் ஒருவர் "தி ஆமோ" என்று சொல்ல, மற்றவர் "தி வோல்யோ பேனே" என்று விடையிறுத்தால், சொன்னவருக்கு அன்றிரவு உறக்கம் வராது, ஏனெனில் அது பெரும்பாலும் மென்மையாகச் சொல்லப்பட்ட மறுப்பாகும். உங்களுக்கு வந்திருப்பது நட்பு. "ஆங்கீயோ", அதாவது "நானும்", என்று எழுதினால் போதும்.

கேள்வி: அப்படியானால் நேப்பிள்ஸ் நகரத்துக் காதல் பாடலில் "தே வோல்யோ பேனே அஸ்ஸாயே" என்று வருவது எப்படி?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 1839இல் நேப்பிள்ஸில் புகழ்பெற்ற பாடல், தன்னை நினையாத காதலியிடம் ஒருவன் முறையிடுவது அதன் பொருள். நேப்பிள்ஸ் மக்களின் மொழியில் காதலைச் சொல்லவும் அதே நல்லெண்ணத் தொடர்தான் பயன்படுகிறது. இன்றைய பொது இத்தாலிய மொழி ஃபுளோரன்ஸ் நகரின் இலக்கிய வழக்கை அடித்தளமாகக் கொண்டது. 1861இல் நாடு ஒன்றிணைந்தபோது அதைப் பேசியவர் மிகச் சிலரே, ஏனையோர் தத்தம் வட்டார மொழிகளில்தான் காதலித்தார்கள். "தி ஆமோ"வில் சற்றே ஏட்டு வாடை வீசுவதாக எனக்குத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: கண்டதும் காதல் என்பதற்கு அங்கே என்ன சொல்?

பதில்: "கோல்ப்போ தி ஃபுல்மினே", அதாவது மின்னல் வெட்டு. சில வாரங்களில் தணிந்துவிடும் மயக்கத்துக்கோ "கோத்தா" என்று பெயர். "வெந்தது" என்னும் பொருளுடைய சொல்லோடு அது உறவுடையது.

கேள்வி: "ஃபிதன்ட்சாத்தோ" என்றால் காதலனா, நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையா?

பதில்: இரண்டும்தான். நம்பிக்கை என்னும் பொருளுடைய பழைய சொல்லிலிருந்து பிறந்த இது, முன்பு மண உறுதி செய்துகொண்டவரையே குறித்தது. இன்று பள்ளி மாணவியும் தன் காதலனை இப்படி அழைக்கிறாள். பெண் வீட்டாரின் ஒப்புதலோடு அவர்கள் வீட்டுக்கு வந்து போகும் உரிமை பெற்றவனை "வீட்டுக்குள் வந்த ஃபிதன்ட்சாத்தோ" என்று பிரித்துச் சொல்லும் வழக்கமும் உண்டு.

கேள்வி: சிசிலித் தீவில் காதலர்கள் ஓடிப்போவதே ஒரு மரபு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். "ஃபுயித்தீனா" என்று பெயர். "சிறு ஓட்டம்" என்று சொல்லலாம். இருவரும் ஓரிரு இரவுகள் வெளியே தங்கித் திரும்பினால், பெண்ணின் மானம் கருதிப் பெற்றோர் மணமுடித்து வைத்தே தீர வேண்டியிருந்தது. திருமணச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்கள் உள்ளூர இதற்கு இசைந்து, வெளியே சினம் காட்டிய கதைகளும் உண்டு.

இதை இனிய காதல் வழக்கமாக மட்டும் பேசுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் இதே வழக்கத்தின் நிழலில் பெண்ணின் விருப்பமில்லாத கடத்தலும் நடந்தது. பெண்ணைக் கெடுத்தவன் அவளையே மணந்துகொண்டால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்று இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 544ஆம் பிரிவு இடமளித்திருந்தது. 1965 டிசம்பரில் அல்காமோ என்னும் ஊரில் கடத்தப்பட்ட ஃபிராங்கா வியோலா என்ற 17 வயதுப் பெண் அத்தகைய திருமணத்துக்கு மறுத்து, தந்தையின் துணையோடு வழக்காடினார். கடத்தியவன் சிறைக்குச் சென்றான். அந்தப் பிரிவு 1981இல்தான் நீக்கப்பட்டது. ஃபிராங்காவோ 1968இல் தாம் விரும்பிய ஒருவரை மணந்துகொண்டார்.

கேள்வி: காதலர் தினத்தை இத்தாலியர்கள் எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: புனித வாலண்டைன், உம்பிரியா மாநிலத்துத் தெர்னி நகரின் காவல் புனிதர், மணமுடிக்கவிருக்கும் இணையர் அங்குள்ள பேராலயத்தில் கூடி வாக்குறுதி அளிக்கும் விழா பிப்ரவரியில் நடைபெறும். மற்றவர்களுக்கு இரவு விருந்தும் "பாச்சி" சாக்லேட்டும் போதும். அருகிலுள்ள பெருஜா நகரில் 1922இல் லூயிசா ஸ்பான்யோலி உருவாக்கிய அந்த இனிப்பு, மடக்கிய விரல்மூட்டைப் போலிருந்ததால் முதலில் "குத்து" என்றே பெயர் பெற்றது; "முத்தங்கள்" என்று மாற்றிய பிறகு, உள்ளே காதல் வாசகம் அச்சிட்ட தாளும் சேர்ந்துகொண்டது. ரோமின் மில்வியோ பாலத்தில் பூட்டுப் பூட்டும் வழக்கத்தைக் கேட்பீர்கள். அது 2006இல் வெளிவந்த ஒரு நாவலால் பரவிய புதுமை, மரபன்று.

கேள்வி: அடுத்த மாதம் ஓர் இத்தாலியத் திருமணத்துக்குச் செல்கிறேன். விருந்தினருக்குச் சர்க்கரை பூசிய பாதாம் தருவார்களாமே?

பதில்: அதன் பெயர் "கொன்ஃபெத்தி", அப்ருத்சோ மாநிலத்துச் சுல்மோனா நகரம் அதற்குப் பேர்போனது. உடல்நலம், செல்வம், மகிழ்ச்சி, மக்கட்பேறு, நீண்ட ஆயுள் ஆகியவற்றைக் குறிக்கும் ஐந்து பருப்புகள் சிறு பையில் இருக்கும்; இரண்டாகப் பகிர முடியாத ஒற்றைப்படை எண் என்பதும் அதன் சிறப்பு. திருமணத்துக்கு வெண்ணிறம், 25ஆம் ஆண்டுக்கு வெள்ளி, 50ஆம் ஆண்டுக்குப் பொன். நீங்கள் வாங்கிச் செல்வதாயின் சிவப்பு நிறத்தைத் தவிருங்கள். அது பட்டம் பெற்றவர்களுக்கு உரியது.