தாத்தா காலத்து நாணயங்களைக் கடைக்காரர் இல்லாமல் சேகரிப்பாளர்களிடமே நேரடியாக விற்க முடியுமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வெள்ளி ரூபாயும் ஒரு டப்பா நிறைய செப்புக்காசும் கிடக்கின்றன. கடையில் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். ஆன்லைனில் சேகரிப்பவர்களிடமே விற்கலாமா? நானே சிலது வாங்க நினைத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்:

தாராளமாக விற்கலாம். ஆனால் ஒன்று. கடைக்காரர் எடுக்கிற லாபத்தில் ஒரு பகுதி, எடை போடுவதற்கும், அசல்தானா என்று பார்ப்பதற்கும், பிறகு சிக்கல் வந்தால் பதில் சொல்வதற்கும் உள்ள கூலி. நேரடியாக விற்றால் அந்த வேலை முழுக்க உங்கள் தலையில்தான்.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். கழுவாதீர்கள். புளி, விபூதி, பல்பொடி, பேஸ்ட், சபீனா எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தில் தேய்த்தால் மேல்தோல் போய் நுண்ணிய கீறல் விழும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும். கறுத்துப்போன வெள்ளி ரூபாய்க்கு ஆள் வருவார்கள். பளபளவென்று தேய்த்ததற்குப் பல சமயம் வெள்ளி விலைதான் மிஞ்சும்.

அடுத்து ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். 1835 முதல் 1939 வரையிலான ஒரு ரூபாய் 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை எடை அதேதான், வெள்ளி மட்டும் 50 சதவீதம். 1947 ரூபாயில் புலி இருக்கும், வெள்ளி கிடையாது, அது நிக்கல். தேயாத பழைய ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம், பாதி வெள்ளியில் 5.83 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் பேசவே வேண்டாம்.

இனி சோதனை. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று போதும். நாணயத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் லேசாகத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். தராசு இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். தேயாத பழைய ரூபாய்க்கு 1.13 அளவில் காட்டும், அடர்த்தி 10.3. பாதி வெள்ளிக்கு 1.22 பக்கம் வரும். வெள்ளைச் செம்பில் (செம்பும் நிக்கலும் கலந்தது) செய்த போலி அதே எடையில் இருந்தாலும் 1.31 காட்டும். தேய்ந்த நாணயத்தில் எடை 11.4, 11.5 என்று குறையும். அப்போதும் வகுத்து வரும் அடர்த்தி மாறாது.

தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் காட்டலாமா என்றால், எடைக்குக் காட்டலாம், உரைகல்லில் தேய்க்க மட்டும் விடாதீர்கள். ஒரு தேய்ப்பு தேய்த்தால் விளிம்பு போச்சு. ஹால்மார்க் மையத்தில் மெஷினில் வைத்துப் பார்த்தால் நாணயத்துக்குச் சேதம் இல்லை. ஆனால் அது மேல்பரப்பைத்தான் படிக்கும், வெள்ளி முலாம் பூசியதையும் நல்லதென்று சொல்லிவிடலாம். தண்ணீர்க் கணக்கோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் தனியாகப் பார்க்க வேண்டிய இன்னொன்று, காசுமாலையில் இருந்து பிரித்தெடுத்த ரூபாய். ராஜா தலைக்கு நேர் மேலே விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். கொக்கி பற்றவைத்த இடத்தில் வரிப்பற்கள் மழுங்கி, நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். ஓட்டை போட்டு அடைத்ததும் உண்டு. இருந்தால் விற்கும்போதே எழுதிவிடுங்கள். வாங்குபவர் எப்படியும் கண்டுபிடிப்பார், பார்சல் திரும்பி வரும்.

விலை எங்கே பார்ப்பது? விளம்பரத்தில் போட்டிருப்பதை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஆசைதான். டோடிவாலா, மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களில் இதே ஆண்டு, இதே தரம் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். ஏலத்தில் வாங்குபவர் விலைக்கு மேலே கமிஷனும் கட்டுகிறார், விற்றவர் கைக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும். நேரடி விற்பனையில் நியாயமான விலை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். வகையைக் கண்டுபிடிக்க நியூமிஸ்டா தளம் போதும், அங்கேயே பண்டமாற்றும் செய்கிறார்கள். 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் 1874 வரைக்கும் அதே ஆண்டோடுதான் அடிக்கப்பட்டது. புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிப்பார்கள். அதனால் ஆண்டு இருக்கும் இடத்தை நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள், உங்களுக்குத் தெரியாததை வாங்குபவர்கள் எண்ணிக்கொள்வார்கள்.

ஓட்டைக் காலணாவை நம்பி லோனை அடைக்கத் திட்டம் போடாதீர்கள். 1943 முதல் 1947 வரை கோடிக்கணக்கில் அடித்தது. வைஷ்ணோதேவி ஐந்து ரூபாய், 786 நோட்டு எல்லாம் லட்சத்துக்குப் போகும் என்கிற வீடியோக்களும் அந்த வகைதான்.

படம் எடுப்பதற்கு ஜன்னலோர வெளிச்சம் போதும். ஃபிளாஷ் வேண்டாம், அது கீறலை மறைக்கும். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, தராசின் மேல் எடை தெரிகிற மாதிரி ஒன்று, நாணயத்தின் பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டோடு ஒன்று. இந்தக் கடைசிப் படம்தான் முக்கியம். அடுத்தவர் படத்தைத் திருடிப் போட்டு விற்கிற கூட்டம் இருக்கிறது. வாங்கும்போது நீங்களும் இதைக் கேளுங்கள், துண்டுச்சீட்டில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழு ஏலத்தில் ஆரம்ப விலை, எவ்வளவு ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்கு முடியும், தபால் செலவு யாருடையது, திருப்பி எடுப்பீர்களா என்பதைப் பதிவிலேயே எழுதுங்கள். குழு அட்மின் எதற்கும் பொறுப்பில்லை. புதிய ஆளிடம் வாங்கினால், அவரிடம் முன்பு வாங்கிய இரண்டு பேரைக் கேட்டுப் பேசுங்கள். முதல் பரிவர்த்தனை சின்னத் தொகையாக இருக்கட்டும்.

விற்பவர்களைக் குறிவைக்கும் மோசடி வேறு மாதிரி. உங்கள் நாணயத்தை எட்டு லட்சத்துக்கு வாங்குகிறோம், ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணம், வரி என்று முன்பணம் கட்டுங்கள் என்பார்கள். பழைய நாணயம் வாங்க விற்கத் தன் பெயரில் யாரையும் நியமிக்கவில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. இன்னொரு வகை, பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கள் என்பது. பணம் வாங்க பின் தேவையே இல்லை. சிக்கிவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

பெரிய தொகை என்றால் நேரில் பார்ப்பதே உத்தமம். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், இரண்டு பேரும் தராசோடு. வெளியூருக்கு அனுப்புவதானால் நாணயத்தைப் பாலியஸ்டர் உறையில் போடுங்கள். மென்மையான பிவிசி (பிளாஸ்டிக்) உறையில் நாள்பட வைத்தால் பச்சையாகப் பிசின் கட்டும். அட்டை ஹோல்டரில் போட்டால் ஸ்டேப்ளர் பின்னை இடுக்கியால் தட்டையாக்குங்கள். பிறகு இரண்டு அட்டைக்கு நடுவே டேப் போட்டு, குலுக்கினால் சத்தம் வராதபடி கட்டுங்கள். எடை போடுவதில் தொடங்கி முகவரி ஒட்டுவது வரை ஒரே வீடியோ, நடுவில் வெட்டு கூடாது. வாங்குபவரும் பிரிக்கும்போது அப்படியே எடுக்கட்டும். தபாலில் இன்ஷூரன்ஸ் போட்டு அனுப்புங்கள். பல கூரியர்களின் விதியில் நாணயம் ஏற்பதில்லை என்றே இருக்கும். தொலைந்தால் அதைக் காட்டிக் கைகழுவிவிடுவார்கள்.

இப்போது நீங்கள் வாங்கும் பக்கம். பாண்டியர் மீன் காசு, ராஜராஜன் செப்புக்காசு என்று விற்பதில் போலி ஏராளம். அச்சில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். வார்ப்பில் எழுத்து கரைந்த சோப்பு மாதிரி இருக்கும், மேலே ஊசிமுனைக் குழிகள், விளிம்பில் இணைப்புக் கோடு. ஒரே கீறல் ஒரே இடத்தில் இரண்டு காசில் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பு. பச்சைக் களிம்பு உண்மையா என்று பார்க்க, அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஓரத்தில் ஒற்றுங்கள். பஞ்சில் பச்சை வந்தால் அது பெயின்ட். 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம், அனுமார் அச்சடித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு முழுக்கக் கற்பனைச் சரக்கு, பித்தளை விலைதான். 1939 வெள்ளி ரூபாய் அரிது என்பதால் 1938இன் 8ஐச் சுரண்டி 9 ஆக்குவதும் நடக்கும், கடைசி இலக்கத்தை லென்ஸில் பாருங்கள்.

சட்டம் கொஞ்சம். 100 ஆண்டு தாண்டிய நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, அமெரிக்காவில் இருக்கிற அத்தை மகனுக்குக்கூட. அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். மண்ணில் புதைந்து கிடைத்தது வேறு கதை. வைகைக் கரையிலோ தோட்டத்திலோ தோண்டும்போது கிடைத்த புதையலை 1878 சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். ‘கீழடிப் பக்கம் வயலில் எடுத்தது சார்’ என்று யாராவது விற்றால், போலியாக இருந்தால் பணம் போகும், உண்மையாக இருந்தால் வழக்கு வரும். அந்த டப்பாவில் செல்லாத 500, 1000 நோட்டு கிடந்தால் எண்ணிப் பாருங்கள். மொத்தம் 10 வரைதான் வைத்துக்கொள்ளலாம், சேகரிப்புக்கு என்றால் 25.