நேரில் புரிகிறது, போனில் புரியவில்லை

தம்பி, கிளாஸ்கோ வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஆபீஸில் எதிரெதிரே பேசினால் சமாளித்துவிடுகிறேன், போன் வந்தால் மட்டும் ஒன்றும் புரிவதில்லை, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் சேரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நேரில் புரிகிறதென்றால் உங்கள் இங்கிலீஷ் போதும். போனில் உங்களுக்குப் பாதிப் பேச்சுதான் வருகிறது.

எதிரில் ஆள் இருந்தால் நாம் வாயையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். 1976இல் சர்ரே பல்கலைக்கழகத்தில் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். 'காந்தி'யில் வரும் கா-வைச் சொல்லும் முகத்தைத் திரையில் காட்டி, 'பாம்பே'யில் வரும் பா-வை ஒலிக்கவிட்டார்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது 'டாடி'யின் டா! கண்ணை மூடினால் பா, திறந்தால் மறுபடியும் டா. சூட்சுமம் தெரிந்த பிறகும் பலருக்கு இது மாறுவதில்லை. யூடியூபில் மெக்கர்க் என்று தேடி நீங்களே பாருங்கள்.

கண்ணும் காதும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பி, எம் இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடும். அங்கே காதுதான் பிரித்துச் சொல்லும். எம், என் இரண்டும் இரைச்சலில் குழம்பும். அங்கே மூடிய உதடு காட்டிக்கொடுக்கும். வி-க்கு மேல்பல் கீழுதட்டைத் தொடும், டபிள்யூவுக்கு உதடு குவியும். நம் காதுக்கு இந்த இரண்டும் ஒன்றுதான், அதனால் கண் நமக்குக் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது. ஜப்பானியர்களை வைத்துச் செய்த சோதனைகளிலும், தங்கள் ஆட்கள் பேசும்போது வாயை அவ்வளவாகச் சார்ந்திராதவர்கள் வெளிநாட்டவர் பேசும்போது அதிகம் சார்ந்திருந்தார்கள்.

போதாக்குறைக்கு, பழைய பாணி போன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உள்ள ஒலியை மட்டும்தான் கடத்தும். எஸ்ஸையும் எஃப்பையும் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது.

அதனால் முடிந்தவரை வீடியோ கால் கேளுங்கள். மீட்டிங்கில் பேசுபவரின் முகம் தெரிகிற நாற்காலியைப் பிடியுங்கள்; அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் வாய் இருட்டாகிவிடும், இடம் மாறிக்கொள்ளுங்கள். அப்புறம், போனில் பெயரோ போஸ்ட்கோடோ வந்தால் வெட்கப்படாமல் 'எஸ் ஃபார் சியரா, எஃப் ஃபார் ஃபாக்ஸ்ட்ராட்' என்று எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். இந்த ஊர்க்காரர்களே போனில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.