மொட்டைமாடி ஜிபிஎஸ் வைத்து நீராவியை அளக்கலாமா?

கேள்வி: பெங்களூரில் எங்கள் கல்லூரி மொட்டைமாடியில் நில அளவைக்கான இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் ரிசீவர் நிரந்தரமாக நிற்கிறது. காற்றிலுள்ள ஈரப்பதத்தை அதில் அளக்கலாம் என்கிறார்கள். உண்மையா? வேறு என்ன வாங்க வேண்டும்?

பதில்: உண்மைதான். நல்ல காற்றழுத்தமானி ஒன்றும் வெப்பமானி ஒன்றும் போதும்.

செயற்கைக்கோள் சிக்னல் காற்றுக்குள் வரும்போது கொஞ்சம் தாமதமாகிறது. மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தால் வரும் பிசகை இரண்டு அலைவரிசைகளை வைத்துக் கழித்துவிடலாம். மிச்சமிருப்பது உலர்ந்த காற்றும் நீராவியும் உண்டாக்கும் தாமதம். ரிசீவர் கோப்பை ரின்எக்ஸ் என்ற பொது வடிவத்துக்கு மாற்றி, ஒரே ரிசீவரின் தரவை வைத்துத் துல்லியமாகக் கணக்கிடும் கனடா அரசின் இலவச பிபிபி (PPP) இணையச் சேவைக்கு அனுப்பினால், தலைக்கு நேர் மேலே உள்ள மொத்தத் தாமதம் கிடைக்கும்.

தாமதத்தைத் தூரமாக மாற்றிச் சொல்வது வழக்கம்; அது 2.30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாடியில் அழுத்தம் 910 மில்லிபார் என்றால் உலர்காற்றின் பங்கு சுமார் 2.08 மீட்டர். மீதி 22 செ.மீ. நீராவியுடையது. அதைத் தோராயமாக 6.5-ஆல் வகுத்தால் 34 மி.மீ. உங்கள் தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதும் தண்ணீரானால் அவ்வளவு உயரம் நிற்கும். அந்த 6.5 வெப்பநிலையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், வெப்பமானி அதற்குத்தான்.

பலரும் சறுக்குவது அழுத்தத்தில். வானிலை அறிக்கையில் வரும் 1010 மில்லிபார், கடல் மட்டத்துக்குச் சரிசெய்த கணக்கு. பெங்களூரோ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1010-ஐ அப்படியே போட்டால் உலர்காற்றின் பங்கே 2.30-ஐத் தாண்டி, நீராவி பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்! ஆன்டெனா உயரத்திலேயே அழுத்தத்தை அளந்துவிடுங்கள். அங்கே ஒரு மில்லிபார் தவறினால் விடையில் 0.35 மி.மீ. தவறும்.

சரிபார்க்க வெளியே தேட வேண்டாம். உங்கள் ஊர் இந்திய அறிவியல் கழகத்திலேயே சர்வதேச ஜிபிஎஸ் வலையமைப்பின் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் தரவு இலவசம். உங்கள் அளவும் அதன் அளவும் ஒரே போக்கில் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். கட்டட உயர வித்தியாசத்தால் சிறு இடைவெளி இருக்கும், பரவாயில்லை.

மழைக் கணிப்பா? மழைக்கு முன் நீராவி ஏறுவதுண்டு. ஏறும்போதெல்லாம் மழை வராது. பருவநிலை ஆய்வு என்றால் பல வருடம் பொறுமை வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். உங்கள் 34 மி.மீ.-இல் அந்தக் கூடுதல் இரண்டரை மி.மீ.கூட இல்லை. நடுவில் யாராவது ஆன்டெனாவை மாற்றினால் அதுவே வரைபடத்தில் படிபோல ஒரு தாவலைக் காட்டி, பருவநிலை மாறியதாக ஏமாற்றிவிடும். எனவே ஆன்டெனா, அதன் மூடி, மென்பொருள் எதை மாற்றினாலும் தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். பக்கத்தில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வைத்தாலும் எழுதுங்கள். சிக்னல் அதில் பட்டுத் தெறித்து வரும்.