எழுத்தில் குரலும் தொனியும் ஒன்றா? அவை ஏன் முக்கியம்?

ஒன்றல்ல. குரல் எழுதுபவரின் அடையாளம்; எதை எழுதினாலும் பெரிதாக மாறாது. தொனி, அந்த நேரத்தில் வாசகரிடம் காட்டும் மனநிலை. கடிதத்துக்குக் கடிதம் மாறும்.

தமிழில் தொனியை முதலில் காட்டிக்கொடுப்பது வினைமுற்றுதான், அதாவது வாக்கியத்தை முடிக்கும் வினைச்சொல். ‘பணம் கட்டு’, ‘பணம் கட்டுங்கள்’, ‘பணம் கட்டவும்’, ‘பணம் கட்டிவிடுங்களேன்’. செய்தி ஒன்றே. ஆனால் முதலாவது அதட்டல், மூன்றாவது அறிவிப்புப் பலகை, நான்காவது கெஞ்சலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சொல்லின் கடைசியில் சேரும் ‘தானே’ போன்ற ஒட்டுகளும் அப்படித்தான்: ‘நீங்கள் சொன்னீர்கள்’ வெறும் தகவல், ‘நீங்கள்தானே சொன்னீர்கள்’ என்றால் குற்றச்சாட்டு.

பலரும் சறுக்குவது கலப்பில். ‘தாங்கள்’ என்று தொடங்கி மூன்றாம் வரியில் ‘நீங்க’ என்று இறங்கினால், வாசகர் விஷயத்தை விட்டுவிட்டு எழுதியவரை எடைபோட ஆரம்பிப்பார். பேச்சுவழக்கே தப்பு என்பதில்லை; கதையில் உரையாடலைப் பேச்சுவழக்கிலும் விவரிப்பை எழுத்துவழக்கிலும் நடத்துவது பழகிய வழி.

சரிபார்க்க, வினைமுற்றுகளையும், ‘தாங்கள்’, ‘நீங்க’ போல வாசகரை அழைக்கும் சொற்களையும் மட்டும் அடிக்கோடிட்டு வரிசையாக வாய்விட்டுப் படியுங்கள். நடுவில் ஆள் மாறியதுபோல் கேட்கும் இடத்தைத் திருத்துங்கள். கோபத்தில் எழுதிய கடிதமா? ஆச்சரியக்குறிகளை எடுத்தாலே பாதிச் சூடு தணியும்.