குப்பை பிரிக்கும் கேம்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப்லெட் விளையாட்டுகள் மூலம் குப்பை பிரிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். வந்திருக்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகன் கேமில் நூற்றுக்கு நூறு வாங்குகிறான். வீட்டில் வாழைப்பழத் தோலைக் கொடுத்தால் எங்கே போடுவதென்று தெரியாமல் முழிக்கிறானே, ஏன்? (4 வயது, மதுரை)

அவன்மேல் தப்பில்லை. கேம் எந்த நாட்டுக்காரர்கள் செய்தது என்று பாருங்கள். ஜெர்மனியில் காகிதத்துக்கு நீலத் தொட்டி, பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள், சமையலறைக் கழிவுக்குப் பழுப்பு. நம் ஊரில் மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். பையன் பழுப்புத் தொட்டியைத் தேடுகிறான், அது உங்கள் வீட்டில் கிடையாது. பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு சுற்று ஆடிப் பாருங்கள். நிறம் ஒத்துவராவிட்டால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அப்படியானால் எந்த கேம் நல்லது?

நீங்களே செய்வதுதான். பயப்படாதீர்கள், படங்களை வைத்து நாமே கேம் செய்ய உதவும் ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற ஆப் இலவசம். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கென்று 2014-ல் வந்தது, எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டாலும் ஓட்டலாம். உங்கள் வீட்டு முட்டை ஓடு, தேங்காய் நார், ஷாம்பு சாஷே, பால் கவர் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பாட்டியின் குரலைப் பதிந்து வையுங்கள். படத்தைத் தொட்டால், "இது பச்சை டப்பாவுக்குடா கண்ணா" என்று பாட்டி சொல்ல வேண்டும். தொடுவதற்கு முன்பே பிள்ளை விடையைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் ஆட்டம். முந்திக்கொண்டு பாட்டியைத் தோற்கடிப்பதில் அவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம்!

நேரம் ஓடுகிற கேம் கொடுக்கலாமா?

வேண்டாம். சின்னப் பிள்ளைகள் யோசிக்காமல் படபடவென்று தட்டுவார்கள். ஏதாவது ஒன்று சரியாக விழும், கேம் கைதட்டும், அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

2 முதல் 4 வயதுக்குத் திரை நேரம் ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. கார்ட்டூனும் அந்தக் கணக்கில்தான் வரும். குப்பை கேமுக்குப் பத்து நிமிடம் தாராளம்.

சிப்ஸ் பாக்கெட்டை மறுசுழற்சியில் போட்டால் கேம் சரி என்கிறது. உண்மையா?

நீலத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். ஆனால் உள்ளே மினுங்கும் அலுமினியப் பூச்சும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துவது பெரும்பாடு. 5 வயதுக்கு, "இது புதுசா மாறாது, அதனால கம்மியா வாங்குவோம்" என்றால் போதும். இன்னொன்று, எந்த கேமும் கழுவச் சொல்லித் தருவதில்லை. பால் கவரின் மூலையை முழுதாகத் துண்டிக்காமல் வெட்டி, அலசிக் காயவைப்பதைப் பிள்ளையின் வேலையாக்குங்கள்.

நாங்கள் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள். மகள் பார்த்துவிட்டாள். என்ன சொல்வது?

மழுப்பாதீர்கள். "அது சரியில்லை, கேட்போம்" என்று சொல்லி, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை பழைய பேப்பர் கடைக்குக் கூட்டிப்போங்கள். அட்டைப்பெட்டி, பாட்டில், செய்தித்தாள் எல்லாம் தனித்தனியாகத் தராசில் ஏறுவதை அவள் பார்க்கட்டும். காசை அவள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.