மைலேஜ் குறைந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஓட்டிவரும் என் பெட்ரோல் கார் முன்பு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது. சில மாதங்களாக 13-ஐத் தாண்டுவதில்லை. இன்ஜெக்டர், ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சர், ஏர் ஃபில்டர் நான்கையும் ஒருசேர மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று பணிமனையில் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நான்கில் ஒன்று பழுதாகியிருக்கலாம், ஒன்றுகூடப் பழுதாகாமலும் இருக்கலாம். நான்கையும் சேர்த்து மாற்றிய பிறகு மைலேஜ் கூடினால் எதனால் கூடியது என்று யாருக்கும் தெரியாது. கூடாவிட்டால் செலவு மட்டுமே மிஞ்சும்.

அந்த 13 என்ற எண் டாஷ்போர்டு திரையில் பார்த்ததா, நீங்களே கணக்கிட்டதா? டேங்கை நிரப்பி, பம்ப் தானாக நின்றவுடன் நிறுத்தி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். பாதி டேங்குக்கு மேல் ஓடியபின் அதே நிலையத்தில், அதே முறையில் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். ஒருமுறை நிரப்புவதில் ஒரு லிட்டர் கூடக்குறைய இருந்தாலும் விடை மாறிவிடும் என்பதால், இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுப்பதே நம்பத்தக்கது.

அளந்த பிறகும் 13 தான் வருகிறது என்றால், இழப்பு ஏறத்தாழ கால் பங்கு. இந்த அளவே எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) குறைந்தால் எரிபொருள் சிக்கனம் சுமார் 0.2 விழுக்காடு குறைகிறது. 10 பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் 2 விழுக்காடுதான் ஆகும். காற்றழுத்தத்தை அவசியம் சரிசெய்யுங்கள், ஆனால் உங்கள் இழப்புக்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஏர் ஃபில்டரும் அப்படித்தான்: கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்ஜினில், உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப எரிபொருளும் அளந்து விடப்படுவதால், அடைத்த ஃபில்டர் வேகமெடுக்கும் திறனைக் குறைக்குமே தவிர மைலேஜைப் பெரிதாகக் குறைக்காது.

கால் பங்கு இழப்புக்கு முதலில் உங்கள் பயணங்களையே பாருங்கள். முன்பு நெடுஞ்சாலையில் ஓடிய கார் இப்போது இரண்டு மூன்று கிலோமீட்டர் குறும்பயணங்களுக்கே பயன்படுகிறது என்றால், சூடேறாத இன்ஜினுக்குக் கூடுதல் எரிபொருள் தேவைப்படுவதால், எந்தப் பழுதும் இல்லாமலேயே இவ்வளவு குறையலாம்.

பயணம் மாறவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது பிரேக். அதிகம் பிரேக் பிடிக்காமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள் (பிரேக் டிஸ்க்கைத் தொடக் கூடாது). ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், அங்கே பிரேக் முழுவதும் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. இது பாதுகாப்பு சார்ந்ததும்கூட, தள்ளிப்போடாதீர்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது தெர்மோஸ்டாட்: இன்ஜின் சூடேறும்வரை குளிர்நீரை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு. அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் குளிர்நீர் ஓயாமல் ரேடியேட்டருக்குள் சுற்றிவரும். இன்ஜின் இயங்கு வெப்பநிலையை, அதாவது பெரும்பாலான கார்களில் 90 டிகிரி செல்சியஸை ஒட்டிய நிலையை, எட்டவே எட்டாது. இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாகக் கருதும் கணினி கூடுதல் எரிபொருளை விட்டுக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் வெப்பமானி முள் கீழேயே நின்றால், அல்லது ஸ்கேனரில் (காரின் கணினியில் உள்ள பதிவுகளைப் படிக்கும் கருவி) பி0128 என்ற பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால், முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். பணிமனை தந்த நான்கு பொருள் பட்டியலில் இது இல்லவே இல்லை.

கடைசியாக, எரிபொருளும் காற்றும் சேரும் கலவை. ஸ்கேனரில் நீண்டகால எரிபொருள் திருத்த அளவை, அதாவது கலவையைச் சரியாக வைக்கக் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டி அல்லது குறைத்து விடுகிறது என்பதை, காட்டச் சொல்லுங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், இன்ஜெக்டரையும் (எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) ஆக்சிஜன் சென்சரையும் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) குற்றம்சாட்ட ஆதாரம் குறைவு. 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியோ குறைந்தோ இருந்தால், காரணத்தைச் சோதித்துக் கண்டுபிடித்த பிறகு அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்கைப் பொறுத்தவரை, கையேட்டில் குறித்த தூரத்தைத் தாண்டியிருந்தால் மாற்றுவது நியாயமே. ஸ்கேன் அறிக்கையின் நகலையும், மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். வேலை தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: புது டயர்கள் போட்டதிலிருந்து மைலேஜ் சற்றுக் குறைந்துவிட்டது. டயர் தரமற்றதா?

பதில்: அப்படி முடிவுகட்ட வேண்டாம். தேய்ந்த டயரின் சுற்றளவு சிறியது. அதே தூரத்துக்கு அது அதிகமாகச் சுழன்றதால் ஓடோமீட்டரும் அதிகம் காட்டியது. 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள டிரெட் (டயரின் வெளிப்புறப் பள்ளங்கள் கொண்ட பகுதி) 1.6 மில்லிமீட்டராகத் தேயும்போது இந்த வேறுபாடு சுமார் 2 விழுக்காடு வரும். எனவே குறைந்ததாகத் தோன்றுவதில் ஒரு பகுதி அளவீட்டின் மாற்றம்தான். தவிர, ஆழமான புது டிரெட் உருளும்போது அதிகமாக வளைந்து நெளிவதால் உராய்வு இழப்பும் சற்றுக் கூடும். தேயத் தேய அது குறையும். பழையதைவிட அகலமான டயர் போட்டிருந்தால் இழப்பு நீடிக்கலாம். காற்றை, கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பின்பற்றக் கூடாது.

கேள்வி: எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம் 20 விழுக்காடு மிச்சப்படுத்தும் என்று விளம்பரம் செய்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நல்ல நிலையில் உள்ள இன்ஜின், தனக்குள் வரும் எரிபொருளில் ஏறத்தாழ முழுவதையும் ஏற்கெனவே எரித்துவிடுகிறது. “இன்னும் நன்றாக எரியச் செய்து” 20 விழுக்காடு மிச்சம் பிடிக்க அங்கே எதுவும் மீதியில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் சேர்க்கைப் பொருள்களையும் ஆராய்ந்ததில், மிகச் சிலவே ஏதோ சிறு பயன் தந்தன. அந்தப் பணத்தில் ஒருமுறை ஸ்கேன் செய்து பிரேக்கையும் சோதித்துவிடலாம்.